நின்னா சூடு, ஓடினா சரி: கோயில் காடியோட இன்ஜினைக் கழட்ட வேண்டாம்



பதிவு கொஞ்சம் நீளம். சொந்தக் காடி வெச்சிருக்கிறவங்களும் சரி, கோயில் காடியில் ஏறி வர்றவங்களும் சரி, பொறுமையா படிச்சுப் பாருங்க.

போன வாரம் நிர்வாகக் கூட்டத்தில் பேசின விஷயம் இதுக்குள்ள பல பேர் காதுக்கு வந்திருக்கும். நம்ம ஆலயத்துக்கு ஒரு பக்தர் அன்பளிப்பா கொடுத்த புரோட்டோன் வீரா ஏரோபேக் காடி சூடாவுது. ஒரு பட்டறையில் காட்டினதுக்கு "ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜினைத் திறக்கணும், ரேடியேட்டரும் மாத்தணும், 2,800 வெள்ளி" என்று எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுக்காக ரசீது புத்தகம் போட்டு, இதுவரைக்கும் 1,900 வெள்ளி சேர்ந்திருக்கு. பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி வேலையை முடிச்சிடணும்னு ஒரு பேச்சு. "அது பழைய காடி, வித்துட்டு வேற பார்க்கலாம்"னு இன்னொரு பேச்சு.

காடியை ஓட்டுற தொண்டர்கள் நாங்க. எங்க கருத்து இதுதான்: இன்ஜினைக் கழட்ட வேண்டாம், காடியை விக்கவும் வேண்டாம். சூடு எப்போ ஏறுது, எப்போ இறங்குதுன்னு பார்த்தாலே நோய் எங்கேன்னு தெரிஞ்சிடும். அதைப் பார்க்காம பணத்தைக் கொடுக்கிறது சரியில்லை.

முதல்ல அந்தக் காடி நமக்கு என்ன செய்யுதுன்னு நினைச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அடுக்குமாடியிலிருந்து நாலு பாட்டிமார்களைக் கூட்டிட்டு வருது. அவங்கள்ல ரெண்டு பேருக்கு முட்டி வலி, பஸ் படி ஏற முடியாது. ஞாயித்துக்கிழமை தேவார வகுப்புப் பிள்ளைங்களைக் கொண்டு போய் விடுது. பின் கதவைத் திறந்து சீட்டை மடிச்சா பெரிய சட்டி ரெண்டு உட்காரும், அன்னதானத்துக்கு அது போதும். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் ஓதுவாரை ஏத்திட்டுப் போறது அந்தக் காடிதான். இன்ஜினைத் திறந்தா குறைஞ்சது பத்து நாள் பட்டறையில் கிடக்கும். அந்தப் பத்து நாளுக்கு பாட்டிமாருங்க வீட்டிலேயேதான்.

இப்போ நோய்க்கு வருவோம்.

நாங்க ஃபேக்டரியில் வேலை செய்யிறவங்க. ஒரு மெஷின் சூடாகி நின்னுட்டா, டெக்னீஷியன் ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஆப்பரேட்டர்கிட்ட ஒரு கேள்வி கேட்போம். "எப்போ சூடாச்சு?" காலையில் ஆரம்பிச்ச உடனேயா, மத்தியானமா, லோட் ஏத்தும்போதா, சும்மா நிக்கும்போதா? பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிஞ்சிடும். காடிக்கும் அதே கதைதான். "காடி சூடாவுது" என்று மட்டும் சொன்னா, அது டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்ற மாதிரி.

நம்ம வீரா எப்போ சூடாவுது? தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி ரத ஊர்வலத்துக்குப் பின்னாடி மெதுவா ஊர்ந்து போனப்போ முள் ஏறிச்சு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சமிக்ஞை விளக்கு ஜேமில் நின்னப்போ ஏறிச்சு. கோயில் வாசலில் இன்ஜினை அடைக்காம பாட்டிமார் இறங்குற வரைக்கும் காத்திருந்தப்போ ஏறிச்சு. ஆனா கிள்ளானிலிருந்து பெடரல் ஹைவேயில் 90-ல் போனா முள் நடுவில் அசையாம நிக்குது. பத்துமலை வரைக்கும் போய்ட்டு வந்தோம், ஓடுற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

இதைத் தவிர இன்னொண்ணும் கவனிச்சோம். அதுதான் எங்களுக்கு முக்கியமாப் பட்டது. ஜேமில் முள் ஏறினதும் பின் சீட்டிலிருந்து ஒரு பாட்டி, "தம்பி, ஏர்கோனை அடைச்சிடுங்கப்பா, இன்ஜின் பாவம்"னு சொன்னாங்க. எல்லாரும் சொல்றதுதான். அடைச்சோம். முள் இன்னும் வேகமா ஏறிச்சு. திரும்பவும் ஏர்கோனைப் போட்டோம். ரெண்டு மூணு நிமிஷத்தில் முள் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. ஏர்கோன் போட்டா இன்ஜினுக்குச் சுமை கூடும், சூடு கூடணும். இங்கே தலைகீழா நடக்குது. ஹெட் கேஸ்கட் போன காடி இப்படி நடந்துக்காது.

ஏன்னு புரியணும்னா காடி எப்படி ஆறுதுன்னு தெரிஞ்சிருக்கணும். இன்ஜினுக்குள்ள தண்ணி சுத்தி வந்து சூட்டை எடுத்துக்குது. வாட்டர் பம்ப் அதை முன்னாடி இருக்கிற ரேடியேட்டருக்குத் தள்ளுது. ரேடியேட்டரில் மெல்லிசான குழாயும், அதுக்கு நடுவில் தகடும் இருக்கு. அது வழியா காத்து போகும்போது தண்ணி ஆறி, திரும்ப இன்ஜினுக்குப் போகுது. நடுவில் தெர்மோஸ்டாட்னு ஒரு கதவு. இன்ஜின் போதுமான சூட்டுக்கு வர்ற வரைக்கும் அது மூடியிருக்கும். பல காடிகளில் 82 டிகிரி, சிலதில் 88 டிகிரி வந்ததும் திறக்கத் தொடங்கும். அந்த எண் தெர்மோஸ்டாட் மேலேயே அடிச்சிருக்கும்.

காடி ஹைவேயில் ஓடும்போது காத்து தானா ரேடியேட்டரில் வந்து மோதும். விசிறி தேவையே இல்லை. காடி நின்னுட்டா காத்து நின்னு போச்சு. அப்போ ரேடியேட்டருக்குக் காத்து கொடுக்கிறது எலெக்ட்ரிக் விசிறி மட்டும்தான். அதோட சும்மா நிக்கும்போது இன்ஜின் மெதுவா சுத்துறதால வாட்டர் பம்பும் தண்ணியை மெதுவாத்தான் தள்ளும். அதனால, நின்னா சூடு, ஓடினா சரின்னு ஒரு காடி சொல்லுதுன்னா, அது முதல்ல கையைக் காட்டுறது விசிறிப் பக்கம். அடுத்தது காத்து போற வழி. அதுக்கப்புறம் தண்ணி அளவு, பெல்ட், பம்ப், ரேடியேட்டர் மூடி.

இதுக்கு நேர் எதிரா ஒரு காடி ஊருக்குள்ள நல்லா ஓடி, ஹைவேயில் 110-ல் மேடு ஏறும்போது சூடானா அது வேற நோய். ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்குதோ என்னவோ, கீழ் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையாகலாம். கெந்திங் மேட்டில் சூடாகி ஓரத்தில் நிக்கிற காடிக்கும், ஜாலான் மேரு ஜேமில் சூடாகிற காடிக்கும் ஒரே மருந்து கிடையாது.

இப்போ ஏர்கோன் விஷயம். பெரும்பாலான காடிகளில் விசிறிக்கு ரெண்டு இடத்திலிருந்து உத்தரவு வரும். ஒண்ணு, தண்ணி சூடானா ரேடியேட்டரில் கீழ்ப்பக்கம் திருகியிருக்கிற சுவிட்ச் கொடுக்கிற உத்தரவு. இன்னொண்ணு, ஏர்கோனைப் போட்டதும் அதோட ரிலேயிலிருந்து வர்ற உத்தரவு. ஏர்கோன் போட்டா விசிறி சுத்துது, முள் இறங்குது. ஏர்கோனை அடைச்சா விசிறியும் நிக்குது, முள் ஏறுது. அப்படின்னா விசிறி மோட்டார் நல்லா இருக்கு. பேட்டரியிலிருந்து கரண்ட் வருது. ரேடியேட்டர் தண்ணியை ஆத்துது. பம்ப் தள்ளுது. "தண்ணி சூடாயிடுச்சு, சுத்து"ன்னு சொல்ற அந்த ஒரு சுவிட்ச் மட்டும்தான் ஊமை. பாட்டி ஏர்கோனை அடைக்கச் சொன்னதால்தான் இது தெரிய வந்தது, அவங்களுக்கு நன்றி சொல்லணும்.

ரெண்டு சனிக்கிழமைக்கு முன்னாடி கோயில் கார் பார்க்கில் வெச்சு நாங்களே சோதிச்சோம். காடி ஆறின பிறகு, சாவியைக் கையில் எடுத்துட்டு, விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தோம். இறுக்கம் இல்லாம சுத்துச்சு. சாவியை எடுக்கிறது முக்கியம். சில காடிகளில் இன்ஜின் அடைச்சிருந்தாலும் விசிறி திடீர்னு சுத்தும், விரல் போயிடும். அப்புறம் காடியை ஓட விட்டு, ஏர்கோனை அடைச்சு, நிக்க வெச்சோம். கால் மணி நேரத்துக்குள்ள முள் முக்கால்வாசி ஏறிச்சு, விசிறி அசையலை. இன்ஜினை அடைச்சோம். அந்தச் சுவிட்சுக்குப் போற ரெண்டு வயர் சொக்கெட்டைக் கழட்டி, ஒரு துண்டு வயரால் ரெண்டு பின்னையும் சேர்த்து, கையை எல்லாம் விசிறிக்குத் தள்ளி வெச்சுட்டு, சாவியைத் திருப்பினோம். விசிறி உடனே சுத்திச்சு. வயர், பியூஸ், ரிலே, மோட்டார் எல்லாம் பாஸ். சுவிட்ச் பெயில். உதிரிபாகக் கடையில் அந்தச் சுவிட்ச் 35 வெள்ளி. காடி நல்லா ஆறினதும் பழசைத் திருகி எடுத்து, புதுசைப் போட்டு, கொட்டின கூலன்ட்டை நிரப்பி, காத்துக் குமிழி போற வரைக்கும் மூடியைத் திறந்து வெச்சே ஓட விட்டோம்.

ஒரு எச்சரிக்கை. வயரைச் சேர்த்துப் பார்க்கிற இந்த வேலை பழைய காடிக்குத்தான். புதுக் காடிகளில் விசிறியைக் கம்ப்யூட்டர் நடத்துது. அங்கே போய் வயரைக் குத்திப் பார்க்காதீங்க, 35 வெள்ளி வேலை 1,000 வெள்ளி வேலையாகிடும். ஸ்கேனர் வெச்சிருக்கிற போர்மன்கிட்ட கொண்டு போங்க. ஆனா ஏர்கோன் போட்டா விசிறி சுத்துதா, அடைச்சா சுத்துதான்னு போனட்டைத் திறந்து கண்ணால் பார்க்க எந்தக் காடியாயிருந்தாலும் முடியும்.

அதே நாள் இன்னொண்ணும் பார்த்தோம். ரேடியேட்டருக்கு முன்னாடி ஏர்கோன் கண்டன்சர்னு இன்னொரு தகடு நிக்கும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. டார்ச் அடிச்சுப் பார்த்தா, அந்த இடைவெளியில் லாலான் பஞ்சு, காய்ஞ்ச இலை, பூச்சி, ஒரு பிளாஸ்டிக் பையோட துண்டு, எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி படிஞ்சிருந்தது. வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. மெதுவான தண்ணியை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி அடிச்சு வெளியேத்தினோம். பிரஷர் பம்ப் போட்டு அடிச்சா தகடு எல்லாம் மடங்கிப் போகும், அப்படிச் செய்யாதீங்க. அந்தக் குப்பையில் நம்ம செவ்வந்திப் பூ இதழும் நிறைய இருந்துச்சு.

அது எப்படி வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ரத ஊர்வலம்னா காடிக்கு முன்னாடி பெரிய மாலை, மாவிலைத் தோரணம், அதுக்கு மேல ஒரு பதாகை. எல்லாத்தையும் கிரில்லை மறைச்சுக் கட்டிடுறோம். அப்புறம் ஆறு மணி நேரம் நடை வேகத்தில் ஊர்ந்து போறோம். இன்ஜினுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வேற இல்லை. ஹைவே காத்தும் இல்லை, விசிறி இழுக்கிற காத்துக்கும் வழி இல்லை. மாலை போடறதை நாங்க தடுக்கலை. சாமிக்குப் போறதுக்கு முன்னாடி காடிக்குப் பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவங்கதான் நாங்களும். மாலையை போனட் மேல போடுங்க, பதாகையைப் பக்கவாட்டில் கட்டுங்க. கிரில் காடியோட மூக்கு. மூக்கைப் பொத்தாதீங்க.

சுவிட்ச் மாத்தின பிறகு ஏர்கோனை அடைச்சு 40 நிமிஷம் நிக்க வெச்சோம், நல்ல உச்சி வெயிலில். முள் பாதியைத் தாண்டலை. விசிறி சுத்தும், நிக்கும், திரும்பச் சுத்தும். அப்படித்தான் சுத்தணும். அதுக்கப்புறம் வந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் பாட்டிமாரைக் கூட்டிட்டு ஜேமில் போய்ட்டு வந்தாச்சு.

ஆனாலும் கூட்டத்தில் சில பேர் சொன்னாங்க: "பட்டறைக்காரரே ஹெட் கேஸ்கட்னு சொல்லிட்டாரு, பணமும் பாதிக்கு மேல சேர்ந்துடுச்சு, ஒரேயடியா செஞ்சு முடிச்சிடலாம், அப்புறம் நிம்மதி." அந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனா நல்லா இருக்கிற இன்ஜினைத் திறந்தா நிம்மதி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. வீராவின் 1.5 இன்ஜினில் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அந்த ஹெட்டை எடுத்தா முகத்தைச் சமன் பார்க்கணும், போல்ட்டை வரிசைப்படி, அளவுப்படி இறுக்கணும், டைமிங் பெல்ட்டைத் திரும்ப சரியா மாட்டணும். எதில் கை தவறினாலும், முன்னாடி இல்லாத ஒழுக்கு புதுசா வரும். ஃபேக்டரியில் "ஓடுற மெஷினைத் தொடாதே"ன்னு சொல்றது சோம்பேறித்தனத்தில் இல்லை.

ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தா அது மறைச்சு வைக்காது. ஒழுக்கு எங்கேயும் தெரியாம தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகும். எண்ணெய் மூடியைத் திறந்தா பால் கலந்த கோப்பி மாதிரி இருக்கும். இன்ஜின் சூடான பிறகும் பின்னாடி வெள்ளைப் புகை விடாம வரும். காலையில் ஆறின இன்ஜினை ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும், ரேடியேட்டரில் குமிழி விடும். முக்கியமா, அது ஜேம், ஹைவேன்னு பார்க்காது, எங்கே போனாலும் தொல்லை கொடுக்கும். இதெல்லாம் போதாதுன்னா ஒரு நீல மருந்து இருக்கு. ரேடியேட்டர் வாயில் வெச்சு ஆவியை அது வழியா இழுத்தா, இன்ஜின் புகை தண்ணியில் கலந்திருந்தா நீலம் மஞ்சளா மாறும். நல்ல பட்டறையில் அது இருக்கும், பத்து நிமிஷ வேலை. 2,800 வெள்ளி கேட்கிறவங்ககிட்ட "அந்தச் சோதனை செஞ்சீங்களா?"ன்னு கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லை. நம்ம காடியில் இந்த அறிகுறி ஒண்ணுகூட இல்லை.

பட்டறைக்காரரைத் திட்டறதுக்காக இதை எழுதலை. அவர் பக்கமும் யோசிச்சுப் பார்க்கணும். காலையில் பத்து காடி வாசலில் நிக்குது. நாம் போய் "பாஸ், காடி ஓவர்ஹீட்"னு சொல்லி சாவியைக் கொடுத்துட்டு வந்துடறோம். ஜேமில்தான் வருதா, ஹைவேயிலா, ஏர்கோன் போட்டாலா, தண்ணி குறைஞ்சுதா, எதுவும் சொல்றதில்லை. அவர் அஞ்சு நிமிஷம் ஓட விட்டுப் பார்ப்பார், ஒண்ணும் வராது. வயசான காடி, ரெண்டு மூணு தடவை சூடானதா கேள்விப்பட்டா, ஹெட் கேஸ்கட்னு முடிவு பண்றது ஊர் வழக்கம். ஊகத்துக்கும் சோதனைக்கும் நடுவில் 2,765 வெள்ளி வித்தியாசம் இருக்கு, அவ்வளவுதான் நாங்க சொல்றது.

ஊர் வழக்கம்னு சொன்னதும் இன்னும் ரெண்டு ஞாபகத்துக்கு வருது. ஒண்ணு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுறது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?"ன்னு கேட்டு எடுத்துடுவாங்க. வெயில் 33 டிகிரி, இன்ஜினுக்குத் தேவை 80-க்கு மேல. தெர்மோஸ்டாட் இல்லாட்டி ஹைவேயில் இன்ஜின் தன்னோட சூட்டுக்கு வரவே வராது, பெட்ரோல் கூடக் குடிக்கும், சீக்கிரம் தேயும். விசிறி சுத்தாத காடிக்கு அதைக் கழட்டினாலும் ஜேமில் சூடு ஏறத்தான் செய்யும். சந்தேகம் இருந்தா அதை ஒரு சட்டித் தண்ணியில் போட்டுக் கொதிக்க வெச்சுப் பாருங்க, கதவு திறந்தா நல்லது, திறக்காட்டி புதுசு வாங்குங்க. மடப்பள்ளிச் சட்டியை மட்டும் எடுத்துடாதீங்க!

இன்னொண்ணு, விசிறியை "டைரெக்" போடறது. சாவியைத் திருப்பினதிலிருந்து அடைக்கிற வரைக்கும் விசிறி சுத்திக்கிட்டே இருக்கும். நடு ரோட்டில் மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர அது நல்ல வழிதான். அப்படியே வருஷக்கணக்கில் விட்டா மோட்டார் தேயும், அதோட அடுத்த தடவை சூடாகும்போது எது பழுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி வயர் குழம்பிக் கிடக்கும். 35 வெள்ளி சுவிட்சுக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டியதில்லை.

மோட்டார் மாத்தினவங்களுக்கு ஒரு சின்னச் சோதனை. சில சமயம் வயரைத் தலைகீழா மாட்டிடுவாங்க, விசிறி சுத்தும், ஆனா காத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். கிரில்லுக்கு முன்னாடி ஒரு காகிதத்தை வெச்சுப் பாருங்க. ஒட்டிக்கிச்சுன்னா சரி. பறந்துடுச்சுன்னா தலைகீழ்.

கூலன்ட் பத்தியும் கேட்கிறாங்க. "நம்ம நாட்டில் பனியா கொட்டுது, பைப்புத் தண்ணி போதாதா?" பனிக்காக மட்டும் கூலன்ட் இல்லை. இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இன்ஜினில் வெறும் தண்ணி துருவைக் கிளப்பும், அந்தத் துரு போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். கூலன்ட் கொதிநிலையையும் உயர்த்தும். அவசரத்துக்குப் பைப்புத் தண்ணி ஊத்தலாம், அதோட விட்டுடக் கூடாது.

இப்போ ரொம்ப முக்கியமானது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. துணி வெச்சுத் திறந்தாலும் கூடாது, தெரிஞ்சவர் சொன்னாலும் கூடாது. அந்த மூடியில் 0.9 அல்லது 1.1 மாதிரி ஒரு எண் இருக்கும். அது உள்ள எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு காட்டுற எண். வெறும் தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 மூடி போட்டு இறுக்கினா 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் இருக்கிற தண்ணிக்கு மூடியைத் திறந்தா, அழுத்தம் போன அந்த நொடியே மொத்தமும் கொதிச்சு முகத்துக்கு நேரா அடிக்கும். விலகறதுக்கு நேரமே கிடைக்காது. கோயிலுக்கு வர்ற வழியில் காடி நின்னு போச்சுன்னா, சுத்தி நின்னு யோசனை சொல்ற பத்து பேரில் ஒருத்தராவது மூடியில் கை வைப்பார். பிள்ளைங்களை முதல்ல தூரமா நிக்க வையுங்க.

ஜேமில் முள் ஏற ஆரம்பிச்சா, முதல்ல ஏர்கோனை அடைச்சுப் பாருங்க, சுமை குறையும். அடைச்ச பிறகு இன்னும் வேகமா ஏறினா, நம்ம வீரா மாதிரி இருக்கலாம், திரும்பப் போட்டுப் பாருங்க. இணையத்தில் "ஹீட்டரை முழுசா திறந்து விடு"ன்னு ஒரு யோசனை வரும். குளிர் நாட்டுக்காரங்களுக்கு அது நல்ல யோசனை, நம்ம நாட்டில் விக்கிற பல காடிகளில் ஹீட்டரே கிடையாது, பட்டனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முள் சிவப்பைத் தொடப் போகுதுன்னா ஓரமா நிறுத்தி இன்ஜினை அடைச்சிடுங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, அபிஷேகத்துக்கு நேரமாச்சு"ன்னு ஓட்டாதீங்க. அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் அலுமினிய ஹெட் வளையும், அப்போ 2,800 வெள்ளி உண்மையாகிடும். போனட்டைத் திறந்து வெச்சு முக்கால் மணி நேரமாவது ஆற விடுங்க. சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, வெடிப்பு விழலாம். அபிஷேகம் பார்க்க முடியலைன்னா தீபாராதனை பார்க்கலாம்.

இனி பணம். 1,900 வெள்ளி பக்தர்கள் கொடுத்தது, காடி வேலைக்குன்னு ரசீது எழுதிக் கொடுத்தது. அந்தப் பாட்டிமாரில் ஒருத்தர் பென்ஷன் பணத்திலிருந்து 20 வெள்ளி போட்டிருக்காங்க. நிர்வாகத்துக்கும் பொருளாளர் ஐயாவுக்கும் எங்க வேண்டுகோள் இதுதான். 2,800 வெள்ளி வேலைக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டாம். சந்தேகம் தீரலைன்னா அந்த நீல மருந்துச் சோதனையை வேற ஒரு பட்டறையில் செஞ்சு பார்ப்போம், அந்தச் செலவைத் தொண்டர்கள் நாங்களே ஏத்துக்கிறோம். அதில் மஞ்சள் காட்டினா நாங்களே முன்னாடி நின்னு இன்ஜினைத் திறக்கச் சொல்றோம். நீலமாவே இருந்தா, வசூலை நிறுத்திட்டு, கொடுத்தவங்களைக் கேட்டு, வேணும்ங்கிறவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும். மிச்சத்தில் நாலு டயரைப் பார்க்கலாம், பின் டயர் ரெண்டும் வழுக்கையா இருக்கு, மழையில் அதுதான் எங்களுக்குப் பயம். இனிமேல் 300 வெள்ளிக்கு மேல எந்தக் காடி வேலை வந்தாலும், என்ன சோதிச்சாங்க, எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு ரெண்டு வரி எழுதி வாங்கி, பில்லோட அறிவிப்புப் பலகையில் ஒட்டணும்.

காடியை விக்கணும்னு சொல்றவங்களுக்கு: விக்கிறதா இருந்தா நல்ல நிலையில் விப்போம். "சூடாவுது"ன்னு சொல்லி வித்தா 1,500 வெள்ளிகூட யாரும் கொடுக்க மாட்டாங்க. வேற காடிக்கு மாசத் தவணை யார் கட்டுறதுன்னும் அதே கூட்டத்தில் பேசணும்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு, பசியாறல் ஆனதும், பத்து மணிக்கு கார் பார்க்கில் வீராவோட போனட்டைத் திறந்து வைக்கிறோம். ஏர்கோனை அடைச்சு அரை மணி நேரம் நிக்க விடுவோம், முள்ளையும் விசிறியையும் நீங்களே பாருங்க. கழட்டின பழைய சுவிட்சும் இருக்கும். உங்க காடியையும் பார்க்கணும்னா ஒம்போது மணிக்கே வந்து நிறுத்தி ஆற விடுங்க, டார்ச் லைட் ஒண்ணு கொண்டு வாங்க. சகோதரிகளும் வாங்க, ஜேமில் பிள்ளைங்களோட தனியா மாட்டிக்கிறது பெரும்பாலும் நீங்கதான். மழை பெஞ்சா அன்னதான மண்டபத்துப் பின்பக்கக் கூரைக்குக் கீழ செய்வோம்.


ஆலயப் போக்குவரத்துத் தொண்டர்கள்